பதினாறும் பெற்று

பிறையில் எங்கள் கிடங்குக்கு
மாதம் நாற்பது நீல டிரம் வரும்.
கூடவே ஒரு தாள்கட்டு, பதினாறு பிரிவு.
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று
கல்யாண மண்டபத்தில் அட்சதை போடுவார்களே,
அதில் ஒன்றுகூட இதில் இல்லை.

நான் யோகாம்பிகை. ஸ்டோர் கிராணி.
தாளைக் கோப்பில் செருகுவது என் வேலை.
வாசிக்காதே என்று மேனேஜர் சொன்னதில்லை.
வாசி என்றும் சொன்னதில்லை.

மாப்பிள்ளை படத்தை முதலில் பார்ப்பதுபோல
ஒன்பதாம் பிரிவில்தான் தொடங்கினேன்.
நிறம்: இல்லை.
வாசனை: லேசாக, இனிப்பாக.
கொதிக்க நூற்றெழுபத்தொரு பாகை வேண்டும்,
அவசரமில்லாதவன்.
பெயிண்டில் தூரிகைத் தடம் அடங்கும்வரை
கூடவே இருந்து
பிறகுதான் கிளம்புவான்.
தண்ணீரோடு கலப்பான். எண்ணெயோடும் கலப்பான்.
ஒட்டாத இரண்டு வீட்டுக்கும் நல்ல பிள்ளை.
அடுப்புப் பிசுக்கு, அச்சு மை, தரை மெழுகு,
எது பிடிவாதமாய் ஒட்டிக்கொண்டாலும்
பேசிப் பேசியே இறக்கிவிடுவான்.

தோலிடமும் அப்படித்தான்.
கதவைத் தட்டுவதில்லை.
எரிச்சல்கூடப் பெரிதாகக் காட்டாமல்
உள்ளே வந்து உட்கார்ந்திருப்பான்.

பதினோராம் பிரிவில் எலிகள்.
மூச்சில் கொடுத்தார்கள், தோலில் தடவினார்கள்.
சிவப்பணு வீங்கி உடைந்தது,
மூத்திரம் செம்பழுப்பானது.
மனித இரத்தம் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று
அடுத்த வரி ஆறுதல் சொல்கிறது.
கொஞ்சம் என்றால் எவ்வளவு?
எலிகளும் அறியா.

பக்கத்து லாட்டில் பேனர் அச்சடிக்கும் கடை.
அங்கே வேலை பார்க்கும் நேபாளி, தில்பகதூர்,
வியாழன்தோறும் ஐந்து லிட்டர் வாங்குவான்.
முழங்கைவரை படிந்த மையை
அதிலேயே கழுவிக்கொள்வான்.
ஒரு வியாழன் தகரக்கலனை மறந்துவிட்டு
மினரல் தண்ணீர் போத்தல் இரண்டை நீட்டினான்.

ஊற்றிக் கொடுத்தது நான்.

இந்த ஒரு வரியை எழுத
எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

சனிக்கிழமை ஓ.டி. விடியற்காலை மூன்று மணி.
காற்றாடிப் பக்கம் நின்ற போத்தல்களில்
ஒன்றில் தண்ணீர்.
அவன் எடுத்தது மற்றது.
இரண்டு மிடறு.

செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில்
என்ன குடித்தான் என்று கேட்டார்களாம்.
தின்னர் என்றார் முதலாளி.
சோப்புத்தண்ணி என்றான் கூட்டாளி.
மினரல் என்றது லேபல்.
என் கைப்பேசி அடித்தது.

பைஜாமாவோடு பைக்கை முறுக்கி
கிடங்கைத் திறந்து கோப்பை எடுத்தேன்.
பெயர் சொல்லுங்கள் என்றார் அந்த டாக்டர்.
எந்தப் பெயரை?
லோரிக்காரர் வாயில் பியூட்டில் கிளைக்கால்.
தாளில் டூ-பியூட்டாக்ஸி எத்தனால்.
டிரம்மில் கம்பெனி வைத்த செல்லப்பெயர் வேறு.
மூன்று பெயரில் திரிகிறவனுக்கும்
அடையாள எண் ஒன்றுதான்.
ஒன்று ஒன்று ஒன்று, ஏழு ஆறு, இரண்டு.
மறுமுனையில் அவர் திருப்பிச் சொன்னார்,
ஒரே தடவை, பிசகாமல்.
நாலாம் பிரிவையும் வாசித்தேன்:
வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.
தெரியும்மா, என்றார்.

இரத்தத்தில் ஏறிய புளிப்பை
இயந்திரம் ஒன்று இரவெல்லாம் கழுவியது.
எதையும் கழுவுகிறவனைக் கழுவ
அவ்வளவு பெரிய இயந்திரம்.

பதினோராம் நாள் வெளியே வந்தான்.
அடுத்த வியாழன் தகரக்கலனோடு நின்றான்,
அதில் நேபாளி எழுத்தில் ஏதோ எழுதி,
கீழே ஒரு மண்டையோடு வரைந்து.
மண்டையோடு சிரிக்கிற மாதிரி வந்துவிட்டது.
தடித்த கையுறை ஒரு ஜோடி கொடுத்தேன்.
பியூட்டில் ரப்பர்.
பியூட்டிலைத் தடுக்கப் பியூட்டில்,
பங்காளிக்குப் பங்காளிதான் சரி.
விரல் நுனியில் ஒரு அங்குலம் தொங்கியது.
சின்ன அளவு வரவில்லை.

பதினாறாம் பிரிவு, மற்றவை:
இத்தகவல்கள் நல்லெண்ணத்தோடு தரப்படுகின்றன.
பயன்படுத்துவோரே பொறுப்பு.

ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
குடிக்கிற போத்தலில் ஊற்றிக் கொடுக்காதே.
யோகாம்பிகை, தேதி.
தணிக்கைக்கு வந்தவர் பார்த்துவிட்டு,
கோப்பில் கிறுக்கக் கூடாது, அழியுங்கள் என்றார்.

மறுநாள்
பேனாவால் எழுதினேன்.